அப்பாவின் கதைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: என் அப்பா பள்ளி ஆசிரியர். தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். மூன்று நாவல்களும் நாற்பது சிறுகதைகளும் எழுதினார். 2011இல் காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா இருக்கிறார். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனிக்காரர்கள் வந்து, அப்பாவின் முதல் நாவலைப் படமாக்கப் போவதாகச் சொல்லி, அண்ணனிடம் 1 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். நாவலில் கணவனை இழந்த ஒரு பெண் ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்த்து நிலத்தைக் காப்பாற்றுகிறாள். படத்தில் அவளுக்கு ஒரு தம்பி வந்து அவன்தான் காப்பாற்றுகிறானாம். கொங்குப் பேச்சும் வேண்டாமாம். அண்ணனிடம் கேட்டால், "தோட்டத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தபோதே உன் பாத்தியதை முடிஞ்சுபோச்சு" என்கிறார். 1998இல் புத்தகம் போட்ட பதிப்பாளர், உரிமை தன்னிடம் இருக்கிறது என்கிறார். அப்பாவின் மாணவர் ஒருவர், இன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அச்சேறாத மூன்றாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை வைத்திருக்கிறார். "சினிமாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று அய்யா என்னிடம் சொல்லியிருக்கிறார்" என்கிறார். ஆனால் அப்பா இருந்தபோதே ஒரு கதையைக் கோவை வானொலிக்கு நாடகமாகக் கொடுத்தார். முடிவை மாற்றியிருந்தார்கள். அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். யார் சொல்வது செல்லும்? நான் பேசாமல் இருந்துவிடுவதுதான் நல்லதா?
— ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருந்துவிடாதீர்கள். அப்பாவின் எழுத்தில் உங்கள் பங்கு அண்ணனின் பங்குக்கு ஒரு துளியும் குறைந்ததில்லை. உங்கள் அம்மாவின் பங்கும் அப்படித்தான். அம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கோவையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் நில வழக்குகள், நடுநடுவே நூல் உரிமை வழக்குகள். தோட்டம், கிணறு, வண்டித்தடம் என்றால் யாருக்கு என்ன பங்கு என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிணற்றில் இத்தனை பங்கு, தண்ணீர் எடுக்க இன்ன நாள் என்று பத்திரத்தில் எழுதி வைப்போம். ஒருவர் எழுதி வைத்துப்போன கதையும் அதே மாதிரி ஒரு சொத்து என்பது மட்டும், யாராவது பணத்தோடு வாசலில் வந்து நிற்கும்வரை நினைவுக்கு வருவதில்லை. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான். அண்ணன் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. மூத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவரும் நம்பியிருக்கலாம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழும் காலம் முழுக்க உரிமை அவருடையது. அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் அது வாரிசுகளிடம் இருக்கும். முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 1941இல் இறந்த தாகூரின் எழுத்துகளுக்கு 1991 முடிவில் காலம் தீரப் போகிறது என்ற நிலை வந்தபோது, இன்னும் 10 ஆண்டுகளைச் சேர்த்து 1992இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் அப்பாவின் அச்சான நூல்களுக்கு 2071 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கு நீங்கள் நான்கு பேர் முடிவு செய்வது, உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

உயில் இல்லாததால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வருகிறது. மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய், இவர்கள் எல்லோருக்கும் சரிபங்கு. உங்கள் அப்பத்தா 2011இல் உயிரோடு இருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இதை அவசியம் பாருங்கள். அவர் முன்பே காலமாகியிருந்தால் அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. இருந்திருந்தால் அவருக்கும் சேர்த்து ஐந்து பங்கு. பிறகு அவர் காலமானதும் அந்தப் பங்கு உங்கள் அத்தைமார், பெரியப்பா, சித்தப்பா வரைக்கும் போயிருக்கும். இதைச் சொன்னால் பலர் திகைத்துப்போகிறார்கள். ஆனால் படம் எடுத்து முடித்த பிறகு ஒரு அத்தை மகன் கிளம்பி வருவதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது மேல். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள்.

சரி, அண்ணன் போட்ட கையெழுத்து செல்லுமா? தன் பங்கைப் பொறுத்தவரை அவர் என்ன எழுதிக் கொடுத்தாரோ அது அவரைக் கட்டும். உங்கள் மூவரின் பங்கை அவர் கொடுத்துவிட முடியாது. அதைவிட முக்கியமானது, கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் தனியாக நின்று, மற்றவர்கள் சம்மதமில்லாமல் வெளியாருக்கு அனுமதி தர முடியாது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தக் கம்பெனியிடம் இருக்கும் தாளை வைத்து நிம்மதியாகப் படம் எடுக்க முடியாது. இது அவர்களுக்கும் தெரியவரும். பெரிய தளங்களோ சேனல்களோ படத்தை வாங்கும்போது, கதை உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்பார்கள். இதை நான் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் நால்வரின் கையெழுத்து அவர்களுக்குத் தேவை. அதனால் பேசுவதற்கு உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், அந்த விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று சொல்லி, நிலத்துக்கு விடுதலை எழுதி வாங்குவது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது! சரியா தவறா என்று இங்கே பேசவில்லை. அந்தப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம், தபசில் என்று ஒரு பகுதி இருக்கும். சர்வே எண், ஏக்கர், கிணறு, மோட்டார், மரம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். நீங்கள் விட்டுக்கொடுத்தது அந்தத் தபசிலில் இருப்பதை மட்டும்தான். அதில் நாவல் இருக்காது. "இனி எந்தச் சொத்திலும் எனக்குப் பாத்தியதை இல்லை" என்று பொதுவாக ஒரு வரி இருந்தால் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். அப்போதும், பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் எந்த நூல், எந்த உரிமை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. தோட்டத்துக்காக எழுதிய பத்திரம் கதைக்கும் சேர்த்துத்தான் என்று அண்ணன் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நீதிமன்றமும் எளிதில் ஏற்காது என்பதே என் கருத்து.

பதிப்பாளர் சொல்வதற்கு நீளமாகப் பதில் வேண்டாம். 1998இல் அப்பா கையெழுத்திட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள். புத்தகம் வெளியிடும் உரிமை என்று மட்டும் இருந்தால் திரைப்பட உரிமை அதில் வராது. காலம் எழுதவில்லை என்றால் சட்டப்படி 5 ஆண்டுகள்தான், அது 2003இலேயே முடிந்துவிட்டது. "எல்லா உரிமைகளும்" என்று இருந்தாலும்கூட, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். 1998 முதல் அவர் படம் எதுவும் எடுக்கவில்லையே.

மாணவர் வைத்திருக்கும் கையெழுத்துப் பிரதி கொஞ்சம் வேறு. காகிதம் யாரிடம் இருக்கிறது என்பதும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் இரண்டு விஷயங்கள். உயில் மூலமாக ஒருவருக்கு அச்சாகாத பிரதியைக் கொடுத்திருந்தால், வேறு எண்ணம் தெரியாதவரை, பதிப்புரிமையும் அதோடு சேர்ந்து போகும். அப்பா உயில் எழுதவில்லை, கையில் கொடுத்தார், அவ்வளவுதான். ஆகவே உரிமை உங்களிடம். அச்சாகாத அந்த நாவலுக்கு 60 ஆண்டுக் கணக்கு, அது வெளிவரும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் தொடங்கும். ஆனால் அவரிடம் வக்கீல் நோட்டீஸோடு போக வேண்டாம். இத்தனை ஆண்டுகள் அதைக் கரையான் அரிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார். நேரில் போய், பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுக்க அனுமதி கேளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு வெளியே அப்பாவின் எழுத்தை நன்றாகப் படித்த மனிதர் அநேகமாக அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது எல்லாம் யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதற்கான பதில். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் உண்மையில் கேட்பது அது இல்லை என்று தோன்றியது. அப்பா இல்லாதபோது அவர் கதையில் எது மாறலாம், எது மாறக் கூடாது என்று சொல்வதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது? இதுதானே உங்களை உறங்கவிடாமல் செய்கிறது?

சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. பதிப்புரிமையை விற்ற பிறகும், இது என் படைப்பு என்று சொல்லவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதை உருக்குலைத்தால் தடுக்கவும் எழுத்தாளருக்கு உரிமை உண்டு. அவர் இறந்த பிறகு சட்டப்படியான பிரதிநிதிகள் அதைக் கேட்கலாம். 2012இல் வந்த திருத்தம் இதை இன்னும் பலப்படுத்தியது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கக் கொடுத்துவிட்டு, எடுத்த படத்தைப் பார்த்து மனம் நொந்து 1986இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சினிமாவுக்காகச் சில மாற்றங்கள் தேவைப்படும், ஆனால் நாவலைச் சிதைக்க இடமில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் உயிரோடு இருந்தார். "நான் எழுதியது இதுவல்ல" என்று அவரே நின்று சொல்ல முடிந்தது. நீங்கள் அப்படிப் போய் நின்றால், "உங்கள் அப்பா இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. வானொலி நாடகத்தைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வானொலிச் சம்பவத்தை நான் மிகவும் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். முடிவை மாற்றியும் உங்கள் அப்பா சிரித்தார். தன் கதை இன்னொருவர் கையில் வேறாக ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதை அவர் தாங்கிக்கொண்டிருக்கிறார். மாணவரிடம் "சினிமாவுக்கு வேண்டாம்" என்று சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். எப்போது சொன்னார், எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த கோபத்தில் சொன்னார், எல்லாக் கதைக்குமா ஒரு கதைக்கு மட்டுமா என்று அவரிடமே பொறுமையாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது சட்டப்படி உங்களைக் கட்டாது. ஆனால் யோசிக்காமல் ஒதுக்கிவிடக் கூடியதும் இல்லை. எழுதி வைத்த விருப்பம் என்றால் நான் அப்படியே கேட்டு நடங்கள் என்பேன். வாய்ப்பேச்சை அப்பாவின் நடத்தையோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

மாற்றமே கூடாது என்று காவல் காப்பதும் எழுத்துக்கு நல்லதில்லை. 1979இல் மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' படத்துக்கு மூலம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. புதுமைப்பித்தன் இறந்தது 1948இல். கதையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் இரண்டும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரியும். வரிக்கு வரி அப்படியே வர வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் அந்தப் படம் தமிழுக்குக் கிடைத்திருக்காது. தாகூர் விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. அவர் பாடல்களின் உரிமை அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்த காலத்தில், எப்படிப் பாட வேண்டும் என்பதற்கும் அதன் இசைக்குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. தேபப்ரத பிஸ்வாஸ் போன்ற பெரிய பாடகரின் ஒலிப்பதிவுகளையே அது ஏற்க மறுத்தது, அவர் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டார். அன்பினால் செய்த காவல்தான். இருந்தும் இழப்பு வங்காளத்துக்குத்தான்.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்து 28 ஆண்டுகள் கழித்து, 1949இல், அவர் எழுத்துகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு வாங்கியது. அதற்குள் அந்த உரிமை பல கை மாறியிருந்தது. பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு படத் தயாரிப்பாளரிடம் போயிருந்தது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று தமிழ்நாடே கொந்தளித்த நேரம் அது. அந்தக் காலத்தில் மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் நம் திருப்பூர்க்காரரான தி. சு. அவினாசிலிங்கம். பிற்பாடு அரசும் அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கே விட்டுவிட்டது. இன்றைக்கும் தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. அப்படி ஆக்கிவிட்டால் யாரும் அச்சிடலாம், யாரும் நாடகம் போடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் மோசமாக எடுத்தாலும் இன்னொருவர் நன்றாக எடுக்க வழி திறந்தே இருக்கும். உங்கள் குடும்பமும் ஒருநாள் இதை யோசிக்கலாம். ஆனால் இன்று அது அவசரமில்லை.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு குடும்பத்தின் கதை மறக்கவே இல்லை. ஈரோடு பக்கம். தகப்பனார் நல்ல நாடகங்கள் எழுதியவர். இரண்டு மகன்கள். ஒருவர் சரி என்றதற்கு இன்னொருவர் இல்லை என்றார், காரணம் நாடகம் இல்லை, ஒரு பொதுக்கிணறு. பல ஆண்டுகள் என் அலுவலகத்துக்கு மாறி மாறி வந்தார்கள். கேட்டு வந்த இயக்குநர் வேறு கதைக்குப் போய்விட்டார். புத்தகம் மறுபதிப்பும் வரவில்லை. இன்றைக்கு அந்த நாடகங்களைப் படித்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சமாதானம் செய்ய நான் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆகவே என் கருத்து இது. எதை மாற்றலாம் என்று பட்டியல் போடாதீர்கள், அது இயக்குநரின் வேலை. எது போனால் அது அப்பாவின் கதையாகவே இருக்காதோ, அதை மட்டும் நீங்கள் நால்வரும் உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உங்கள் கடிதத்திலிருந்தே எனக்கு இரண்டு தெரிகிறது.

ஒன்று அந்தப் பெண். அவள் ஒற்றை ஆளாக நின்று நிலத்தைக் காப்பாற்றுவதுதான் நாவல் என்றால், ஒரு தம்பியைக் கொண்டுவந்து அவன் கையில் அந்த வேலையைக் கொடுப்பது சின்ன மாற்றம் இல்லை. படத்துக்குத் தம்பி வேண்டுமா, வரட்டும். பாட்டு வேண்டுமா, வரட்டும். நிலத்தை மீட்பது அவளாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பேச்சு. இதில் எனக்கு ரொம்பவும் ஆதங்கம் உண்டு. கீரனூர் ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' எழுதியபோது, நம் குடியானவர்கள் பேசும் பேச்சை அப்படியே நாவலில் வைத்தார். உங்கள் ஊருக்கு வெகு அருகில் நடந்த காரியம் அது. அவர் எழுதிக் காட்டிய பிறகுதான் இந்தப் பேச்சிலும் ஒரு துயரத்தைச் சொல்ல முடியும் என்று பலருக்குத் தெரிந்தது. சினிமாவில் நம் பேச்சு பெரும்பாலும் சிரிப்புக் காட்சிக்குத்தான் வருகிறது. "ஏனுங்", "வாங்கொ" என்றால் உடனே ஒரு கேலி. சாகுபடி பொய்த்துப்போன ஒரு பெண், அதே பேச்சில், வரப்பில் உட்கார்ந்து அழுவதையும் கோபப்படுவதையும் திரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அப்பா அதைத்தானே எழுதினார்? பேச்சை எடுத்துவிட்டால் கதைச் சுருக்கம் மட்டும்தான் மிச்சம். கதைச் சுருக்கத்துக்கு உங்கள் கையெழுத்தே தேவையில்லை. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது.

இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். "நாவலின் ஆன்மா சிதையாமல்" என்று மட்டும் எழுதாதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ தன் புகழ்பெற்ற நாவலை நாடகமாக்கக் கொடுத்தபோது, நாவலின் உணர்விலிருந்து விலகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் 2016இல் இறந்தார். உணர்வு என்றால் எது என்று 2018இல் அவருடைய உடைமைப் பொறுப்பாளர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் வழக்கு. கடைசியில் சமரசமாகி அதே ஆண்டு டிசம்பரில் நாடகம் மேடையேறியது. நீங்கள் "நிலத்தை மீட்பது இந்தப் பெண் பாத்திரமே", "முதன்மைப் பாத்திரங்களின் உரையாடல் கொங்கு வட்டார வழக்கில் இருக்கும், அதைச் சரிபார்க்க ஒருவர் நியமிக்கப்படுவார்" என்று வெட்டவெளிச்சமாக எழுதுங்கள். அந்த ஒருவராக அப்பாவின் மாணவரைச் சொல்லலாம். அவர் மனமும் மாறக்கூடும்.

அண்ணன் போட்ட தாளில் நான் பயப்படுவது வேறு வரிகளைத்தான். அநேகமாக "எக்காலத்துக்கும், உலகம் முழுவதும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களுக்கும்" என்று இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, அன்றைக்கு இல்லாத ஓர் ஊடகத்தைக் குறிப்பாகப் பெயர் சொல்லாமல் எழுதி வாங்கினால் செல்லாது. மற்றதெல்லாம் செல்லும். ஆகவே புதிய ஒப்பந்தம் கேளுங்கள். ஒரு நாவல், ஒரு மொழியில் ஒரு படம். முதலில் 12 மாதமோ 18 மாதமோ உரிமையை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவர்களுக்காக நிறுத்தி வைப்பது, அதற்கு ஒரு சிறு தொகை. அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை தானாக உங்களிடம் திரும்பிவிட வேண்டும். மறு ஆக்கம், மற்ற மொழி, தொடர், இரண்டாம் பாகம் எல்லாம் தனித்தனியாக, தனித் தொகைக்கு. படப்பிடிப்புக்கு முன் திரைக்கதை உங்கள் கைக்கு வர வேண்டும். பெயர்ப் பட்டியலில் அப்பாவின் பெயரும் நாவலின் பெயரும் எங்கே, எப்படி வரும் என்று எழுத வேண்டும். படம் உங்களுக்குப் பிடிக்காமல் போனால் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லும் உரிமையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கம்பெனிக்கு இப்போதைக்கு ஒரே ஒரு கடிதம் போதும். நாங்கள் இத்தனை பேர் வாரிசுகள், எங்கள் சம்மதம் பெறப்படவில்லை, பேசத் தயாராக இருக்கிறோம் என்று அம்மா, நீங்கள், தம்பி மூவரும் கையெழுத்திட்டு, சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். வழக்கு என்ற சொல்லே அதில் வேண்டாம். ஆனால் அந்தக் கடிதம் போகும் முன்பு அண்ணன் அதைப் படித்திருக்க வேண்டும். தபால்காரர் மூலமாகவோ கம்பெனிக்காரர் மூலமாகவோ அவருக்குத் தெரியவரக் கூடாது. வாங்கிய 1 லட்சத்தை நால்வரின் கணக்கில் வைப்பதாக அவர் சொன்னால் பழையதைப் பேச வேண்டாம். அடுத்த முறை யாராவது வந்தால் பேசுவதற்கு ஒருவர் போதும், அதற்கு ஒரு அதிகாரப் பத்திரம் எழுதலாம், அது அண்ணனாகவே இருக்கட்டும். பேசுவது அவர், முடிவு நால்வரும், பணம் சரிபங்கு. கல்லூரி மாணவர்கள் நாடகம் போடக் கேட்டால் காசு வாங்காமல் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவிடம் அந்த நாவலை ஒருமுறை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பெண் பாத்திரம் யாரைப் பார்த்து எழுதியது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதை என்னைவிட அவர் தெளிவாகச் சொல்வார். தன் பங்குக்கு ஒரு உயிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு நான்கு பேர், 2071க்குள் அது நாற்பது பேராகிவிடும்.

அண்ணன் கையெழுத்திட்ட தாளின் நகல், விடுதலைப் பத்திரத்தின் நகல், பதிப்பாளரின் 1998 தாள், இந்த மூன்றும் கிடைத்ததும் அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.